எந்தப் பங்கு என்று கேட்டவர்

பெயரைக் கேட்பதற்கு முன்னால் அவர் பங்கைக் கேட்பார். மொன்ட்ரியாலில் ஒரு தமிழ் முகத்தைக் கண்டால் போதும், மெத்ரோ ரயில் என்றும் பார்க்கமாட்டார், கடை வாசல் என்றும் பார்க்கமாட்டார். கிட்டப் போய்த் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தம்பி, எந்தப் பங்கு?" என்பார். மதுரையிலிருந்து படிக்க வந்த பையன் ஒருவனை ரயிலுக்குள் என் கண் முன்னாலேயே இப்படிப் பிடித்தார்.

"சார், நாங்க இந்து."

"அதுக்கென்ன தம்பி. உங்கட வீடும் நிலத்திலதானே கிடக்கு. நிலம் முழுக்க ஏதோ ஒரு பங்குக்குள்ளதான் வரும். விசாரிச்சுப் பாரும்."

பையன் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டான். அது அவன் இறங்க வேண்டிய இடம் இல்லை என்று நான் பந்தயம் கட்டுவேன்.

கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். கோயில் என்று நாங்கள் சொல்கிற ஒரு தேவாலயம், அதன் சுவாமியான பாதிரியார், அந்தக் கோயில் மணி கேட்கிற தெருக்கள், அங்கே ஞானஸ்நானம் பெற்று அங்கேயே அடக்கம் பண்ணப்படுகிற சனம், எல்லாவற்றையும் சேர்த்து நாங்கள் பங்கு என்போம். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்கு அது பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கிறபோது மட்டும் ஞாபகம் வருகிற சொல். மன்னார்க் கரையில் பிறந்த அவருக்கு அது இல்லாமல் ஒரு மனிதனை நினைத்துப் பார்க்கவே முடியாது. அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. பிள்ளைகள் இதே நகரத்தில்தான் இருக்கிறார்கள்.

நாங்கள் நகரத்தின் வில்லரேப் பகுதியில் ஒரே தெருவில் குடியிருந்தோம். நான் பக்கத்து கார்தெரியில், குழந்தைகள் காப்பகத்தில், சமைத்துக்கொண்டிருந்தேன். அவரிடம் வழி கேட்டால் தெருப்பெயர் வராது. "பச்சைக் கூரைக் கோயில் பங்கு முடியிற இடத்தில இடப்பக்கம் திரும்பு" என்பார். போய்ப் பார்த்தால் அங்கே கோயிலே இருக்காது. இந்தக் கெபெக் மாகாணத்துச் சனம் பூசைக்குப் போவதை எப்போதோ விட்டுவிட்டது. கோயில்களை விற்றுத் தொடர்மாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். "அண்ணை, அந்தக் கோயிலைத்தான் வித்துப்போட்டினமே" என்று நான் சினப்பேன்.

"கோயிலைத்தானே வித்தவை. பங்கை ஆர் வித்தது?" என்பார் நிதானமாக.

இந்தப் பங்குப் பைத்தியம் இல்லாவிட்டால் அவரில் நல்லதென்று சொல்ல அரைவாசியும் மிஞ்சியிருக்காது. மொன்ட்ரியால்-நோர் பகுதியில் தனியாகக் கிடந்த மட்டக்களப்புக் கிழவர் ஒருவர் இறந்துபோனார். பெண்சாதி பிள்ளை கிடையாது. அவருக்கும் இவருக்கும் இருந்த சொந்தமெல்லாம் எப்போதோ ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் பங்கு கேட்டு, அதற்குக் கிழவர் பதில் சொன்னதுதான். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு இவர் மட்டக்களப்புக்குத் தொலைபேசி எடுத்து, அந்தப் பங்குச் சுவாமியைத் தேடிப் பிடித்து, "சுவாமி, உங்கட பிள்ளை ஒண்டு இங்க மோசம் போயிட்டுது" என்று சொன்னார். அங்கே துக்க மணி அடித்தார்களாம். பூசை வைத்தார்களாம். தூரத்துச் சொந்தமான ஒரு மனுசி தொலைபேசியில் ஒப்பாரி வைத்து அழுததை ஒலிபெருக்கியில் போட்டு எங்களையும் கேட்கச் செய்தார். பெட்டி தூக்க ஆள் சேர்த்ததும் அவர்தான். கோப்பி ஊற்றினது நான். திரும்பி வருகிறபோது அவர் முகத்தில் ஒரு பெருமை.

"பாத்தியே பிள்ளை. ஊரை விட்டு எத்தினை வருசம். ஆனா பங்கு கையை விடேல்லை."

அதை அவர் நம்பினார். நம்புவதற்கு அவரிடம் சாட்சியும் இருந்தது. பின்னால் நடந்தது எனக்கு இன்னும் ஆறாமல் இருப்பது இதனால்தான்.

அவர் துப்புரவு வேலை பார்த்தது ஸ்கொட்லாந்துக்காரர் முந்திக் கட்டின ஒரு கற்கோயிலில். அது எங்கள் சபை இல்லை. ஞாயிறு காலையில் தொப்பி போட்ட கிழவிகள் கொஞ்சப் பேர் வந்து பாடிவிட்டுப் போவார்கள். மிச்ச நாளெல்லாம் அந்தப் பெரிய கட்டிடத்தில் அவரும், ஸ்கொட்லாந்தில் பிறந்த வயதான போதகரும்தான். போதகருக்குப் பேச ஆள் வேண்டும், இவருக்குப் பங்கைப் பற்றிப் பேச ஆள் வேண்டும். இரண்டும் பொருந்திவிட்டது. ஒரு நாள் சப்பாத்தில் ஒட்டின பனியைக்கூடத் தட்டாமல் நேரே என் குசினிக்குள் வந்து நின்றார்.

"பிள்ளை, பங்குக்கு அந்தக் காலத்து ஸ்கொட்லாந்துக்காரர் என்ன சொல்லுறவை தெரியுமே? பரோகின்."

நடுவில் வருகிற ககரத்தைத் தொண்டைக்குள்ளிருந்து எடுத்துச் சொன்னார். என்னையும் சொல்லச் சொன்னார். நான் அடுப்பில் பருப்பு இருக்கிறது என்றேன்.

"நிலத்துக்கும் அதுதான் பேர், அதில இருக்கிற சனத்துக்கும் அதுதான் பேர். சனம் திரண்டு வந்தா, பரோகின் வந்துட்டுது எண்டுவினமாம். எங்கட ஊரிலயும் அப்பிடித்தானே. பங்கே திரண்டு வந்தது எண்டுறம். அதுக்கும் முந்தி, கிரேக்கத்தில, அந்தச் சொல்லின்ர வேருக்கு அந்நிய இடத்தில போய்க் குடியிருக்கிறது எண்டு கருத்தாம். போதகர் சொன்னவர்." கொஞ்சம் நிறுத்திச் சிரித்தார். "எங்களைத்தான் சொல்லியிருக்கினம், பிள்ளை."

அதன் பிறகு வாரத்துக்கு ஒரு கருத்து வந்தது. பரோகினில் ஏழை பசி கிடந்தால் பரோகின்தான் சாப்பாடு போட வேண்டும். செத்தால் அதுதான் அடக்கம் பண்ண வேண்டும். சவப்பெட்டிக்குப் போர்த்துகிற கறுப்புத் துணிகூடப் பொதுவில் ஒன்று வைத்திருப்பார்களாம். இதையெல்லாம் சொல்லும்போது தன் சொந்த ஊரைப் பற்றிச் சொல்கிற குரல்தான் வரும்.

"அப்ப வேற இடத்தால வந்து சேர்ந்த ஏழை?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அவனை அவன் பிறந்த பரோகினுக்குத் திருப்பி அனுப்பிப்போடுவினம். அங்க பாப்பினம்தானே."

"பாக்காட்டி?"

"அதெப்பிடிப் பாக்காமல் விடுவினம்?" என்றார். எனக்கு அந்த வழக்கம் கொஞ்சமும் பிடிக்கவில்லை, முகத்துக்கு நேரே சொல்லவும் செய்தேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த நேரத்தில்தான் பிலோமினா என் வீட்டுச் சின்ன அறைக்குக் குடி வந்தாள். மன்னார்ப் பெருநிலப்பரப்பில், சண்டைக்குள் மாறி மாறி இடம்பெயர்ந்த ஒரு கிராமம் அவளுடையது. புருஷனை ஆமி பிடித்துக்கொண்டு போனது. அவன் திரும்பவில்லை. மகளைத் தாயிடம் விட்டுவிட்டு, ஏஜென்சிக்காரன் காட்டின வழியால் வந்து இங்கே அகதி மனுப் போட்டிருந்தாள். மனு சரி வந்தால் மகளைக் கூப்பிடலாம். அவளுக்கு வேறு ஒரு கதையும் கிடையாது. சாப்பிடும்போதும் மகள், சட்டை மடிக்கும்போதும் மகள். கடையில் சிறுபிள்ளைகளுடைய குளிர்ச் சப்பாத்தைத் தூக்கிப் பார்த்து, "இப்ப இது அவளுக்குக் காணாது, சின்னன், என்ன அக்கா?" என்று கேட்பாள்.

அவர் வந்து வழக்கமான கேள்வியைக் கேட்டார். அவள் தன் கிராமத்துக் கோயிலைச் சொன்னாள். அவர் விடவில்லை.

"அது சரி. ஞானஸ்நானம் எங்க?"

"அது கொழும்பில அண்ணை. அம்மா முதல் பிள்ளைப்பேறுக்கு மாமா வீட்டை போனவ. அங்கயே தண்ணி ஊத்திப்போட்டு, கொஞ்ச நாளில ஊருக்குக் கொண்டந்திட்டினம்."

"அப்ப நீ கொழும்புப் பங்கு."

அவள் சிரித்தாள். "எனக்குக் கொழும்பே தெரியாது அண்ணை. பிளேன் ஏறத்தான் போனனான்."

"உனக்குத் தெரியத் தேவையில்லை. உன்னை அந்தப் பங்குக்குத் தெரியும். தலையில தண்ணி ஊத்தின இடம்தான் பங்கு. அது பேந்து மாறாது."

அவருடைய ஊர்ப் பழக்கம் அது. கல்யாணம் கட்டிப் போனாலும், இடம்பெயர்ந்து போனாலும், கப்பலேறிப் போனாலும், ஞானஸ்நானத் தொட்டி இருந்த கோயில்தான் கடைசிவரை பங்கு. வீட்டுக்குள் பேசிச் சிரிக்கிறவரை அதனால் ஒருவருக்கும் ஒரு கெடுதலும் இல்லை.

ஊரில் சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். அங்கே இனிப் பயமில்லை என்று, அகதி விசாரணைகளில் எங்கள் சனத்தை நம்புவது குறைந்திருந்தது. பிலோமினாவின் வழக்கறிஞர், அவள் அந்தக் கிராமத்தில்தான் வாழ்ந்தாள், புருஷன் அங்கேதான் பிடிபட்டான் என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும் என்றார். புருஷனுடைய ஆட்களைப் பங்கு கேட்கிற அண்ணைக்கு நன்றாகத் தெரியும். கேட்டதும் ஒத்துக்கொண்டார். விசாரணையன்று ஆரிடமோ இரவல் வாங்கின டையோடு வந்தார். பிலோமினா துணைக்கு வரச் சொன்னதால் நானும் போய்ப் பின்னால் ஒரு கதிரையில் இருந்தேன். நடந்ததை நான் கண்ணால் கண்டேன், காதால் கேட்டேன்.

விசாரித்தவர் ஒரு கண்ணாடி போட்ட பெண். மரியாதையானவர். பக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். முதல் கேள்விகளுக்கு எங்கள் சாட்சி ஒழுங்காகத்தான் பதில் சொன்னார். கிராமம் எது, புருஷன் யார், எப்போது பிடித்தார்கள். வழக்கறிஞர் தலையாட்டிக்கொண்டிருந்தார். அப்போது அந்தப் பெண் கேட்டார்.

"நீங்கள் வேறு ஊர். இந்தப் பெண்ணை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கோயிலால தெரியும். பங்கால தெரியும்."

"பங்கு என்றால்?"

அத்தனை வருடமாக எல்லோரிடமும் பங்கைக் கேட்டுத் திரிந்த மனிதனிடம், பங்கு என்றால் என்ன என்று முதல்முறையாக ஒருவர் கேட்டுவிட்டார். அவர் நிமிர்ந்து இருந்தார். நிலம், சனம், மணி, அடக்கம் என்று தொடங்கினார். பரோகினையும் சொன்னார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டு பேனையைக் கீழே வைத்தார். தன் பாட்டன் ஸ்கொட்லாந்திலிருந்து வந்தவர் என்றும் சொன்னார். இவருடைய முகம் மலர்ந்துவிட்டது. விசாரணையில் வெல்வது இப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார்.

"அப்படியென்றால் இந்தப் பெண்ணுடைய பங்கு எது?"

வழக்கறிஞர் குறுக்கே ஏதோ சொல்ல எழும்பினார். அதற்குள் இவர் பதில் சொல்லத் தொடங்கிவிட்டார்.

"கொழும்பு. ஞானஸ்நானம் எடுத்தது அங்கதான். தாய்வழிச் சொந்தமும் அந்தப் பங்கிலதான். இவ ஆரும் அறியாத ஆள் எண்டு நினையாதேங்கோ. பங்குள்ள பிள்ளை. எங்க போனாலும் அந்தப் பங்கு இவவைக் கை விடாது."

மொழிபெயர்ப்பாளர் ஒருமுறை வழக்கறிஞரைப் பார்த்தார். அவரும் தமிழர்தானே, விளங்கியிருக்கும். பிறகு சொல்லுக்குச் சொல் சரியாக மொழிபெயர்த்தார். அது அவருடைய வேலை. அந்தப் பெண் பேனையை மறுபடி எடுத்து எழுதினார். பிலோமினாவுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் தமிழைக் கேட்டிருந்தாள். அவள் திரும்பிச் சாட்சிக் கதிரையில் இருந்த அவரைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பஸ்ஸில் ஏறியபின் பையைக் காணோம் என்று தெரிந்துகொண்ட ஆளைப் போல இருந்தாள்.

திரும்பி வரும்போது மெத்ரோவில் அவர் உற்சாகமாக இருந்தார். "அந்த மனுசி விளங்கிக் கேட்டவ, பிள்ளை. உன்னை ஒரு நல்ல இடத்துப் பிள்ளை எண்டு இப்ப அவவுக்குத் தெரியும்."

"ஓம் அண்ணை" என்றாள் பிலோமினா.

தீர்ப்பை நான்தான் அவர்கள் இரண்டு பேருக்கும் வாசித்துச் சொன்னேன். அவள் சொன்னதைப் பெரும்பாலும் நம்பியிருந்தார்கள். கிராமம், புருஷன், எல்லாவற்றையும். ஆனால் அவளுக்குக் கொழும்பில் உறவும், ஆதரிக்க ஒரு சமூகமும் இருப்பதாக அவளுடைய சாட்சியே சொல்லியிருப்பதால், அவள் அங்கே போய்ப் பாதுகாப்பாக வாழலாம், கனடா அவளை ஏற்கத் தேவையில்லை.

அவர் என்னை மறுபடி வாசிக்கச் சொன்னார். பிறகு மெல்ல, "நான் பொய் சொல்லேல்லையே, பிள்ளை" என்றார்.

"சொல்லியிருக்கலாம் அண்ணை" என்றேன்.

மேல்மனு, மறுமனு என்று வழக்கறிஞர் செய்யக்கூடியதைச் செய்தார். ஒன்றும் சரிவரவில்லை. அவளைத் திருப்பி அனுப்ப நாள் குறித்தார்கள். இவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தபடி இருந்தார். மாமா இறந்து கனகாலம். மாமாவின் பிள்ளைகளில் ஒருவர் வெளிநாடு, ஒருவர் எங்கே என்று தெரியாது. அந்தப் பங்குச் சுவாமி புதிதாக வந்தவர், பெயரை எழுதி வைத்துக்கொண்டு பார்க்கலாம் என்றாராம். கடைசியில் பிலோமினாவுக்குத் தூரத்து மச்சாள் முறையான ஒருத்தி கொஞ்ச நாளைக்கு வைத்திருக்கச் சம்மதித்தாள். விமான நிலையத்தில் அவர் பிலோமினாவின் கையைப் பிடித்து, அங்கே பங்கு இருக்கிறது, பயப்படாதே என்றார்.

"அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாது அண்ணை" என்றாள் அவள். "நான் அங்க கைக்குழந்தையா இருந்தனான்."

ஒரு பகல் நேரம் அது. பக்கத்தில் விடுமுறைக்குப் போகிற குடும்பங்கள் சிரித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். எனக்கு அவர்களையும் பிடிக்கவில்லை.

கொழும்பில் வடக்கிலிருந்து வந்த தமிழரை வீட்டில் வைத்திருந்தால் பொலிசில் பதிய வேண்டும். மச்சாளின் வீட்டுச் சொந்தக்காரன் பயந்துவிட்டான். பிலோமினா சில வாரம் கன்னியர் மடத்தில் இருந்தாள். பிறகு எனக்கு ஒரு அழைப்பு வந்தது. "இங்க நிண்டு என்ன செய்யிறது அக்கா, மகளிட்டப் போறன்" என்றாள். மகளைச் சேர்ந்ததும் இன்னொரு அழைப்பு. பிள்ளை தன்னை முதலில் அடையாளம் காணவில்லை, இப்போது விட்டு விலகுகிறாள் இல்லை என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்ட அன்று மட்டும், ஒருவேளை இது நல்லதாகவே முடிந்துவிடும் என்று நினைத்தேன். சண்டை மறுபடி தொடங்கி, மன்னாரிலிருந்து சனம் கிழக்கே கிழக்கே என்று நகரத் தொடங்கியபின் அழைப்புகள் குறைந்தன. இரண்டாயிரத்து ஒன்பது பிறந்தபோது நின்றே போயின. மே மாதம் எல்லாம் முடிந்தது என்றார்கள். முகாம்களில் போய்த் தேடின ஆட்கள், அவர்கள் அங்கே இல்லை என்றார்கள். பிலோமினா, அவள் தாய், அவள் மகள், ஒருவரைப் பற்றியும் இன்றுவரை ஒரு தகவலும் கிடையாது.

எந்தப் பங்கு என்கிற கேள்வியை அவர் விட்டுவிட்டார். தீர்ப்பு வந்த நாளிலிருந்து யாரிடமும் கேட்டதில்லை. தமிழ்ப் பூசைக்குப் புதிய குடும்பம் வந்தால் பழக்கம் காரணமாக எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் கதிரை எடுத்துப் போட்டுவிட்டுப் பின்னால் போய் நிற்பார். ஸ்கொட்லாந்துக் கோயிலும் மூடப்பட்டது. போதகரை முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். இவர் ஆற்றைக் கடந்து லொங்குய்யில் அலுவலகங்களைத் துடைக்கப் போனார். தெருவில் என்னைக் கண்டால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். நானும் கூப்பிட்டதில்லை. எனக்கு அவரில் கோபம் இருந்தது. அவரைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது. இரண்டில் ஒன்றாவது குறைந்திருந்தால் கூப்பிட்டிருப்பேன்.

சண்டை முடிந்த அந்த வருடம் இலையுதிர் காலத்தில், ஒரு சனிக்கிழமை முற்பகல், அவராகவே வந்தார். குளிர்ச்சட்டையைக் கழற்றவில்லை. தேநீர் வைத்துக் கொடுத்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"பாவசங்கீர்த்தனத்துக்குப் போனனான், பிள்ளை."

நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு எதிரே இருந்தேன்.

"சுவாமியிட்ட முழுக்கச் சொன்னன். அவர் சொல்லுறார், இது பாவமில்லையாம். நீ வேணுமெண்டு செய்யேல்லை, உண்மையைத்தானே சொன்னனி, போய் நிம்மதியா இரு எண்டு. மற்றச் சுவாமியிட்டயும் போனன். அவரும் அதைத்தான் சொல்லுறார்." கோப்பையைத் தட்டில் வைத்தார். "பாவமெண்டாத்தானே பிள்ளை மன்னிப்பு. பாவமில்லாட்டி நான் என்னத்தைக் கொண்டுபோய் ஆரிட்டக் குடுக்கிறது?"

"அண்ணை, தேத்தண்ணியைக் குடியுங்கோ."

"வீட்டிலயும் என்ர பிழை இல்லை எண்டு சொல்லினம். எல்லாரும் இல்லை எண்டுகினம். நீ அங்க இருந்தனி. நீ சொல்லு."

ஐந்து வருடமாக அவருக்குச் சொல்வதற்கென்று நான் மனதுக்குள் சேர்த்து வைத்தது எவ்வளவோ இருந்தது. குசினியில் தனியாக நின்று சத்தமாகவே சொல்லிப் பார்த்திருக்கிறேன். இப்போது அவர் எதிரே இருந்து, சொல்லு என்று கெஞ்சுகிறார். சொல்ல வந்ததில் ஒரு வரிதான் மிஞ்சியிருந்தது.

"ஓம் அண்ணை. நீங்கள் சொன்னதாலதான் அவ போனவ."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் பயந்ததுபோல அழவில்லை. நெடுநாள் தூக்கமில்லாத ஒருவருக்குப் படுக்க இடம் காட்டினால் முகம் எப்படித் தளருமோ அப்படித் தளர்ந்தது. ஆறிப்போன தேநீரை முழுவதும் குடித்துவிட்டு, கோப்பையைத் தானே கழுவி வைத்தார்.

வாசலில் நின்று என்னைப் பார்த்தார். இன்னும் ஒன்று கேட்கத்தான் நிற்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அவர் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதைக் கொடுக்கிற உரிமை எனக்கு இல்லை. மன்னிக்க வேண்டியவள் பிலோமினா. அவள் இருக்கிறாளா என்பதே எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.